பிண்ணாக்கோடு போய்விடும் எண்ணெய்

2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தேங்காய்த் தட்டுப்பாடு 2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில் உச்சத்தை எட்டி, ஒரு தேங்காயின் சில்லறை விலை 200 ரூபாவையும் தாண்டிய நாட்களை எமது குடும்பங்கள் இலகுவில் மறந்துவிடமாட்டா. தேங்காயின் விலை ஏறியதும் தேங்காயெண்ணெயின் விலையும் கூடவே ஏறியது. அதற்கு முன்னர், 2022 ஏப்ரல் இறுதியில், உலகின் மிகப் பெரிய பாம் எண்ணெய் உற்பத்தி நாடான இந்தோனேசியா தனது ஏற்றுமதியை ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு நிறுத்தி வைத்தபோது உலக எண்ணெய்ச் சந்தை முழுவதுமே தடுமாறியது. சமையலறைப் போத்தலில் இருக்கும் எண்ணெய்க்கும் தொலைதூர நாடொன்றின் அரசாங்கம் எடுக்கும் முடிவுக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு இருக்கின்றது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் எமக்கு உணர்த்தின.

இத்தகைய நெருக்கடிகள் தோன்றும் ஒவ்வொரு வேளையிலும் இறக்குமதித் தீர்வை, பயிர்ச்செய்கைப் பரப்பு, உர விநியோகம் என்பன பற்றியே பேசப்படுகின்றது. இவை அனைத்தும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஏற்கனவே விளைந்து, அறுவடையாகி, ஆலை வாசல் வரை வந்துவிட்ட வித்துக்களிலிருந்து நாம் எவ்வளவு எண்ணெயை எடுக்கின்றோம், எவ்வளவைப் பிண்ணாக்கோடு விட்டுவிடுகின்றோம் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இந்த இழப்பைக் குறைப்பதற்குப் புதிய காணியோ பெருந்தொகை அந்நியச் செலாவணியோ தேவையில்லை. வித்தைப் பக்குவப்படுத்தும் முறையிலும் இயந்திரத்தைப் பராமரிக்கும் முறையிலும் செய்யப்படும் சில திருத்தங்களே பெரும்பாலும் போதுமானவை. அவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். எள்ளின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு எண்ணெயாகும். ஈரப்பதனை இப்போதைக்கு ஒதுக்கி வைத்தால், 100 கிலோகிராம் எள்ளில் 50 கிலோகிராம் எண்ணெயும் 50 கிலோகிராம் சக்கையும் இருப்பதாகக் கொள்ளலாம். ஆட்டிய பின்னர் கிடைக்கும் பிண்ணாக்கில் 14 வீதம் எண்ணெய் எஞ்சியிருப்பின், அதில் ஏறத்தாழ 8.1 கிலோகிராம் எண்ணெய் தங்கிவிட்டது என்பதே பொருள். கையில் கிடைப்பது 41.9 கிலோகிராம். பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெயை 7 வீதமாகக் குறைத்தால் தங்கிவிடுவது 3.8 கிலோகிராம் மாத்திரமே. கையில் கிடைப்பது 46.2 கிலோகிராம். அதாவது அதே எள்ளிலிருந்து 4.3 கிலோகிராம் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கின்றது. நாளொன்றுக்கு 200 கிலோகிராம் எள்ளை ஆட்டும் ஒரு சிறிய ஆலை ஆண்டுக்கு 200 நாட்கள் இயங்குமாயின், இவ்வேறுபாடு ஏறத்தாழ 1,700 கிலோகிராம் எண்ணெயாகும். இது ஆலை உரிமையாளரின் இலாபமாக மட்டுமன்றி, எள்ளுக்கு விவசாயி கேட்கும் விலையாகவும் நுகர்வோர் கொடுக்கும் விலையாகவும் பங்கிடப்படக்கூடிய தொகை என்பதை நாம் மனதிற் கொள்ள வேண்டும்.

வித்தினுள் எண்ணெய் இருக்கும் விதம்

வித்தினுள் எண்ணெய் ஒரு குடத்தில் நீர் இருப்பதைப் போன்று ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான மிக நுண்ணிய துளிகளாக, ஒவ்வொரு கலத்தினுள்ளும் அது சிதறிக் கிடக்கின்றது. ஒவ்வொரு துளியையும் புரதம் கலந்த மெல்லிய உறையொன்று மூடியிருக்கின்றது. அவற்றுக்கு வெளியே கலச்சுவரும், அதற்கும் வெளியே வித்தின் தோலும் காவல் நிற்கின்றன. எனவே எண்ணெய் பிழிதல் என்பது வெறுமனே அமுக்குவதாகாது. அது மூன்று வேலைகளைக் கொண்டது. முதலாவது, கலங்களை உடைப்பது. இரண்டாவது, உடைந்த கலங்களிலிருந்து வெளிப்படும் நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதற்கு வழி செய்வது. மூன்றாவது, ஓடும் எண்ணெயைச் சக்கையிலிருந்து பிரித்து வெளியேற்றுவது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் எவ்வளவு வலிமையான இயந்திரமாக இருப்பினும் எண்ணெய் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

எமது முன்னோரின் மாட்டுச் செக்கு இம்மூன்று வேலைகளையும் ஒரே உரலில் நிறைவேற்றியது. உலக்கை உரலின் சுவரோடு உராய்ந்து சுழலும்போது வித்து நசுங்கி அரைபடுகின்றது. உராய்வினால் மெதுவான சூடு பிறக்கின்றது. செக்காட்டுபவர் இடையிடையே தெளிக்கும் நீர் சக்கையோடு ஒட்டிக்கொண்டு எண்ணெயை விலக்கிவிடுகின்றது. சக்கையிலுள்ள புரதமும் நாரும் நீரை விரும்பிப் பற்றிக்கொள்பவை ஆதலால், அவற்றின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த எண்ணெய் நீருக்கு இடம் கொடுத்து வெளியேறுகின்றது. தமிழ்நாட்டுச் செக்குகளில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டும் வழக்கமும் சக்கை பிடிப்பாகத் திரள்வதற்கு உதவுகின்றது. இவை அனுபவத்தினால் கண்டறியப்பட்ட நுட்பங்களாயினும், அவற்றின் பின்னால் உறுதியான விஞ்ஞானக் காரணங்கள் இருக்கின்றன. எனினும் மாட்டுச் செக்கின் பிண்ணாக்கில் ஏறத்தாழ 12 முதல் 15 வீதம் வரை எண்ணெய் எஞ்சிவிடுவதும், ஒரு நாளில் ஆட்டக்கூடிய அளவு மிகக் குறைவாக இருப்பதும் அதன் குறைபாடுகளாகும்.

செக்கிலிருந்து திருகு வரை

இக்குறைபாடுகளை நீக்குவதற்கு உலகின் பல பாகங்களிலும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. ஒல்லாந்தர் தமது நாட்டில் காற்றாலைகளின் துணையோடு ஆளிவித்தை நசுக்கி, சூடாக்கி, ஆப்புக்களை அடித்து இறுக்கி எண்ணெய் எடுத்தனர். 1795 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் பிராமா நீரின் அமுக்கத்தினால் இயங்கும் அழுத்தி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதனால் அமுக்கம் பன்மடங்கு கூடியதாயினும், ஒவ்வொரு தடவையும் வித்தை நிரப்பி, அழுத்தி, பிண்ணாக்கை அகற்றி, மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த வலேரியஸ் அண்டர்சன், இடைவிடாது இயங்கும் திருகு அழுத்தி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் சூட்டிய வணிகப் பெயரே 'எக்ஸ்பெல்லர்' என்பதாகும். இன்று எமது ஊர்களில் உள்ள எண்ணெய் ஆலைகளில் 'எக்ஸ்பெல்லர்' என்று பொதுப்பெயராக வழங்குவது இவ்வகை இயந்திரமே.

எமது பிராந்தியத்திலும் முயற்சிகள் இடம்பெற்றன. 1934 ஆம் ஆண்டில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றியவர், தஞ்சாவூரில் பிறந்த தமிழரான ஜே.சி. குமரப்பா ஆவார். வர்தாவில் இச்சங்கத்தின் பணிகளினூடே உருவானதே 'வர்தா கானி' என்ற திருத்திய செக்கு. ஒரு தடவையில் கூடுதல் வித்தை ஆட்டக்கூடியதாக அது அமைந்தது. பிற்காலத்தில், 1980 களின் நடுப்பகுதியில், தன்சானியாவில் கார்ல் பீலன்பேர்க் என்ற பொறியியலாளர் ஒருவர் தனியாக நின்று நெம்புகோலை இயக்கிச் சூரியகாந்தி எண்ணெய் எடுக்கக்கூடிய சிறிய அழுத்தியை வடிவமைத்தார். அது நன்கு இயங்குவதற்கு மெல்லிய தோலும் கூடிய எண்ணெயும் கொண்ட சூரியகாந்தி இனம் தேவைப்பட்டது. வித்தின் இனமும் இயந்திரமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

எக்ஸ்பெல்லரின் அமைப்பு எளிதானது. சிறு இடைவெளிகளோடு அடுக்கப்பட்ட உருக்குச் சட்டங்களாலான ஓர் உருளைக் கூட்டினுள் திருகு ஒன்று சுழல்கின்றது. ஒரு முனையில் விழும் வித்தைத் திருகின் புரிகள் மறுமுனையை நோக்கித் தள்ளுகின்றன. போகப் போகத் திருகுக்கும் கூட்டுக்கும் இடையிலான வெளி குறைந்துகொண்டே செல்வதால் அமுக்கம் ஏறுகின்றது. எண்ணெய் சட்டங்களின் இடைவெளிகளினூடாக ஒழுக, பிண்ணாக்கு மறுமுனையிலுள்ள கூம்பு வளையத்தின் இடுக்கினூடாக வெளியேறுகின்றது. அவ்விடுக்கை இறுக்குவதும் தளர்த்துவதுமே இயந்திரத்தை இயக்குபவரின் கையிலுள்ள பிரதான கட்டுப்பாடாகும். நன்கு பராமரிக்கப்படும் எக்ஸ்பெல்லர், முறையாகப் பக்குவப்படுத்திய வித்தைப் பெறுமாயின், பிண்ணாக்கில் எஞ்சும் எண்ணெயை 6 முதல் 8 வீதம் வரை குறைக்கக்கூடும். ஆனால் கவனிப்பின்றி இயங்கும் அதே இயந்திரம் மாட்டுச் செக்கை விடச் சிறந்த பலனைத் தருவதில்லை. எஞ்சிய எண்ணெயையும் ஒரு வீதத்துக்குக் கீழே கொண்டுவருவதற்குப் பெருந்தொழிற்சாலைகள் ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகின்றன. இலகுவில் தீப்பற்றும் இத்திரவத்தைக் கையாள்வதற்குப் பாரிய முதலீடும் கடுமையான பாதுகாப்பும் தேவை என்பதால், அது கிராமிய ஆலைகளுக்கு உரிய வழியன்று.

துப்புரவும் ஈரமும்

'எள்ளு எண்ணெய்க்குக் காய்கின்றது. எலிப்புழுக்கை எதற்குக் காய்கின்றது' என்பது எமது பழமொழி. அதை ஓர் ஆலைக்குரிய அறிவுரையாகவும் கொள்ளலாம். களத்திலிருந்து வரும் எள்ளில் மண், மணல், கல், தண்டு, பதர் என்பன கலந்திருக்கும். மணல் எண்ணெயைத் தருவதில்லை என்பது மட்டுமன்றி, அரத்தைப் போன்று திருகின் புரிகளைத் தேய்த்தும் விடுகின்றது. பதரும் தண்டும் எண்ணெயை உறிஞ்சிப் பிண்ணாக்கோடு கொண்டு செல்கின்றன. ஆணி போன்ற சிறிய இரும்புத் துண்டொன்று அகப்பட்டால் இயந்திரமே உடைந்துபோகலாம். இரண்டு சல்லடைகள், ஒரு காற்றாடி, வித்து விழும் வழியில் ஒரு காந்தம் என்பன பெருஞ்செலவை ஏற்படுத்துவன அல்ல. எனினும் ஆலைகளில் மிக எளிதாகப் புறக்கணிக்கப்படும் வேலையும் இதுவே.

துப்புரவுக்கு அடுத்ததாக, பலன் மிகுந்ததும் பலரும் அளந்து பாராததும் ஈரப்பதனாகும். வித்தில் ஈரம் மிகுந்திருந்தால் அது கூட்டினுள் களியாகி வழுக்குகின்றது. உராய்வு குறைந்து அமுக்கம் ஏறுவதில்லை. எண்ணெயோடு களியும் கலந்து வருகின்றது. ஈரம் மிகக் குறைந்திருந்தால் சக்கை பிடிப்பின்றித் தூளாகின்றது, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறி இறுகிக்கொள்கின்றது, எண்ணெயும் கருகுகின்றது. எள்ளைப் பொறுத்தவரை 5 முதல் 7 வீதம் வரையிலான ஈரப்பதன் பொதுவாகப் பொருத்தமானது. ஒவ்வொரு வித்துக்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உரிய சரியான அளவைச் சிறு அளவிலான பரிசோதனைகளின் மூலம் கண்டுகொள்ளலாம்.

ஈரத்தை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி இல்லாவிடினும் வழி இருக்கின்றது. சரியாக 100 கிராம் வித்தை எடுத்து, ஏறத்தாழ 103 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள அடுப்பில், நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுத்தால், குறைந்த கிராம்களின் எண்ணிக்கையே ஈரப்பதனின் வீதமாகும். கடும் வெயிலில் காய்ந்து 4 வீத ஈரத்தோடு வந்த 100 கிலோகிராம் எள்ளை 6 வீதத்துக்குக் கொண்டுவர 2.1 லீற்றர் நீர் போதும். அந்நீரைச் சீராகத் தெளித்துக் கிளறி, சில மணிநேரம் மூடி வைத்தால் ஈரம் வித்தினுள் சமமாகப் பரவிவிடும். கண் மதிப்பிலே நீர் தெளிப்பதற்கும் இவ்வாறு அளந்து தெளிப்பதற்கும் இடையிலான வேறுபாடு அன்றைய பிண்ணாக்கிலேயே தெரிந்துவிடும்.

அமுக்கத்தைக் கூட்டாமல் ஈரத்தையும் சூட்டையும் கொண்டே எண்ணெய் எடுக்கலாம் என்பதற்குப் பசிபிக் தீவுகளில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டான் எதரிங்டன் 1990 களில் பரப்பிய முறையில், புதிய தேங்காயைத் துருவி, சூடான தகட்டின் மேல் பரப்பி, ஏறத்தாழ 10 முதல் 12 வீத ஈரம் எஞ்சும்வரை உலர்த்தி, சூடு ஆறுவதற்கு முன்னரே கையால் இயக்கும் எளிய அழுத்தியில் இட்டு எண்ணெய் எடுக்கின்றார்கள். மின்சாரமே இல்லாத கிராமங்களிலும், தேங்காய் உடைத்த ஓரிரு மணிநேரத்துக்குள் தெளிந்த எண்ணெய் கிடைக்கின்றது. கொப்பரா காயும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஈரம் சரியான அளவில் இருக்கும்போது குறைந்த அமுக்கமும் போதுமானதாகிவிடுகின்றது என்பதே இதில் அடங்கியுள்ள இரகசியமாகும்.

சூட்டின் இரு முகங்கள்

வித்தை ஆட்டுவதற்கு முன்னர் அதை நசுக்கிச் சூடாக்குவது பெரிய ஆலைகளின் வழக்கம். சூட்டினால் எண்ணெயின் பாகுநிலை பல மடங்கு குறைந்து அது இலகுவாக ஓடுகின்றது. புரதம் உறைவதால் நுண்துளிகளின் உறைகள் சிதைந்து எண்ணெய் ஒன்றுசேர்கின்றது. எண்ணெயைப் பழுதாக்கும் நொதியங்களும் செயலிழக்கின்றன. எண்ணெயின் அளவை மட்டும் கருதினால் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரையிலான முன்சூடு பெரும் பலனைத் தரும்.

ஆயினும் சூட்டுக்கு மறுபக்கமும் உண்டு. கூடிய சூடு எண்ணெயின் நிறத்தைக் கறுப்பாக்குகின்றது, மணத்தை மாற்றுகின்றது, விரைந்து ஆவியாகும் பயனுள்ள பொருட்களை வெளியேற்றிவிடுகின்றது. கருஞ்சீரகத்தை எடுத்துக்கொள்வோம். நபிமொழியினால் சிறப்புப் பெற்று முஸ்லிம் மக்களின் வீடுகளில் மருந்தாகப் போற்றப்படும் இவ்வித்தின் தனித்தன்மைக்குக் காரணமான தைமோகுவினோன் என்ற பொருள் ஆவியாகும் இயல்புடையது. அதைக் கடுஞ்சூட்டில் ஆட்டினால் எண்ணெய் கூடும். ஆனால் எதற்காக அவ்வெண்ணெயை வாங்குகின்றோமோ அது குறைந்துவிடும். எனவே கருஞ்சீரகத்தை ஆட்டுபவர் பிண்ணாக்கில் சற்றுக் கூடுதலான எண்ணெய் தங்குவதை ஏற்றுக்கொண்டு, மெதுவான வேகத்தில், குறைந்த சூட்டில் ஆட்டுவதே முறை. சவர்க்காரத்துக்கு அல்லது விளக்குக்கு எண்ணெய் எடுப்பவருக்கு அக்கட்டுப்பாடு தேவையில்லை. எண்ணெய் எதற்காக என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே சூட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

'செக்கெண்ணெய்', 'குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்' என்ற பெயர்கள் இன்று கூடிய விலையைப் பெற்றுத் தருகின்றன. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழுவின் தாவர எண்ணெய்களுக்கான 1999 ஆம் ஆண்டின் தரநிலையானது, சூடு கொடுக்காமல் பொறிமுறையினால் மாத்திரம் பெறப்பட்டு, நீரினால் கழுவுதல், தெளியவிடுதல், வடித்தல், சுழற்றிப் பிரித்தல் ஆகியவற்றால் மாத்திரம் தூய்மையாக்கப்பட்ட எண்ணெயையே குளிர்முறை எண்ணெய் என வரையறுக்கின்றது. வெளியிலிருந்து சூடு கொடுக்காவிடினும், வேகமாகச் சுழலும் எக்ஸ்பெல்லரினுள் உராய்வினாலேயே வித்து கடுமையாகச் சூடேறக்கூடும். ஆகவே வெப்பமானியை ஒருபோதும் வைத்துப் பாராத ஆலை தனது எண்ணெய்க்குக் குளிர்முறை என்ற பெயரைச் சூட்டுவது நுகர்வோருக்கு நேர்மையானதாகாது.

இயந்திரத்தின் தேய்வு

புதிதாக வாங்கிய எக்ஸ்பெல்லர் முதற் சில மாதங்கள் நன்றாகப் பிழிந்துவிட்டுப் பின்னர் படிப்படியாகப் பலன் குறைவது பலரும் அறிந்த அனுபவம். இதற்குப் பிரதான காரணம் திருகின் புரிகளும் கூட்டின் சட்டங்களும் தேய்வதாகும். தேய்வினால் இரண்டுக்கும் இடையிலான வெளி அகன்று, முன்னோக்கிச் செல்ல வேண்டிய வித்துக் கூழின் ஒரு பகுதி பின்னோக்கி வழுக்குகின்றது. இயக்குபவர் இதை அறியாமல் கூம்பு வளையத்தை மேலும் மேலும் இறுக்குகின்றார். மின்சாரச் செலவும் சூடும் கூடுகின்றனவே தவிர எண்ணெய் கூடுவதில்லை. தேய்ந்த புரிகளின் விளிம்பில் கடின உலோகத்தை வெல்டிங் மூலம் படியச் செய்து, பழைய அளவுக்குத் தேய்த்து எடுப்பது எமது நகரங்களிலுள்ள பட்டறைகளுக்கு முடியாத காரியமன்று. அவற்றை எப்போது செய்ய வேண்டும் என்பதை அறிவதற்குத்தான் பதிவு தேவைப்படுகின்றது.

ஒவ்வொரு நாளும் ஆட்டிய வித்தின் நிறை, கிடைத்த எண்ணெயின் நிறை, பிண்ணாக்கின் நிறை, வித்தின் ஈரப்பதன் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வருவது எந்த ஆலைக்கும் சாத்தியமானதே. ஒரே விதமான எள்ளிலிருந்து கிடைக்கும் எண்ணெய் மாதத்துக்கு மாதம் குறைந்து வருமாயின், திருகைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அக்கொப்பியே கூறிவிடும். பருவத்துக்கு ஒரு தடவையேனும் பிண்ணாக்கின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி எஞ்சிய எண்ணெயின் வீதத்தை அறிந்துகொள்வது, நாம் மேலே போட்ட கணக்கை ஒவ்வோர் ஆலையும் தனக்கென்று போட்டுப் பார்ப்பதற்கு உதவும். வித்தை விட்டுவிட்டு இடாமல் ஒரே சீராக இடுவது, ஆலையை நிறுத்துவதற்கு முன்னர் கூட்டைச் சுத்தம் செய்வது என்பனவும் செலவில்லாத திருத்தங்களே.

நஞ்சு சேரும் வழி

எண்ணெயின் அளவைக் கூட்டுவது பற்றிப் பேசும்போது, எவ்வித்திலிருந்து அதை எடுக்கின்றோம் என்பதை மறந்துவிடலாகாது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீவனமாகக் கொடுக்கப்பட்ட பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு கண்டறியப்பட்டது. அதுவே அஃப்ளாடொக்சின் எனப் பெயரிடப்பட்டது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்ல இந்நஞ்சு, சரியாக உலர்த்தப்படாத நிலக்கடலையிலும் கொப்பராவிலும் இலகுவில் தோன்றுகின்றது. 2021 மார்ச் மாதத்தில் எமது நாட்டுக்கு இறக்குமதி செய்யப்பட்ட சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு இருப்பது கண்டறியப்பட்டபோது, புத்தாண்டுப் பலகாரங்களுக்கு எண்ணெய் வாங்கவும் மக்கள் அஞ்சியது நினைவிருக்கலாம்.

பெரிய தொழிற்சாலைகளின் சுத்திகரிப்பில் காரத்தினாலும் வெளிற்றும் மண்ணினாலும் இந்நஞ்சு பெருமளவு நீக்கப்படுகின்றது. சிறிய ஆலையில் அத்தகைய சுத்திகரிப்பு இல்லை. வித்தில் நஞ்சு இருந்தால் அதன் பெரும்பகுதி பிண்ணாக்கிலும் ஒரு பகுதி எண்ணெயிலும் சேர்கின்றது. பிண்ணாக்கை உண்ணும் பசுவின் பாலிலும் அதன் மாற்று வடிவம் வெளிப்படுகின்றது. எனவே இயற்கையானது என்ற நம்பிக்கையோடு ஆலையெண்ணெயை வாங்கும் மக்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு வித்தின் தூய்மையே. கொப்பராவை 6 வீத ஈரத்துக்கு விரைவாக உலர்த்துவதும், பூஞ்சணம் பிடித்த துண்டுகளைப் பொறுக்கி ஒதுக்குவதும், மழைக்காலத்தில் சாக்குகளைத் தரையில் அடுக்காமல் பலகையின் மேல் அடுக்குவதும் இதற்கான எளிய வழிகளாகும். கெட்டுப்போன கொப்பராவை ஆட்டினால் சுயாதீன கொழுப்பமிலம் கூடி எண்ணெய் விரைவில் சிக்கல் வாடை வீசுவதையும் இவை தடுக்கும்.

பிழிந்தெடுத்த எண்ணெயைச் சில நாட்கள் அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, துணியினாலோ வடிதட்டினாலோ வடித்து, ஈரமற்ற பாத்திரத்தில் நிரப்புவதும் உற்பத்தியின் ஒரு பகுதியே. செம்பும் இரும்பும் எண்ணெயின் ஒட்சியேற்றத்தைத் துரிதப்படுத்துபவை. ஒளியும் காற்றும் அவ்வாறே. இரசாயனங்கள் அடைக்கப்பட்டிருந்த கலன்களையும் பழைய பிளாஸ்டிக் போத்தல்களையும் கழுவி நிரப்பும் பழக்கம் கைவிடப்பட வேண்டியதாகும். பெரும் பாடுபட்டுக் கூட்டிய சில வீத எண்ணெயை வெயிலில் காட்சிக்கு வைக்கப்பட்ட போத்தலில் பழுதாகவிடுவது பொருத்தமற்றது.

செய்ய வேண்டியவை

வடக்கிலும் கிழக்கிலும் பெரும்போக நெல் அறுவடைக்குப் பின்னர் வயலில் எஞ்சும் ஈரத்தை நம்பி சிறுபோகத்தில் எள்ளு விதைக்கும் விவசாயிகள் பலர் உள்ளனர். நீர்ப்பாசனம் அதிகம் வேண்டாத இப்பயிர் அவர்களுக்குக் கைகொடுக்கும் பயிராகும். புத்தளத்திலிருந்து கிழக்குக் கரை வரை தென்னையை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் ஏராளம். இவர்களது விளைச்சல் வித்தாகவே வெளியேறி, எண்ணெயாகத் திரும்பி வரும்போது இடையிலுள்ள பெறுமதி வேறெவருக்கோ சென்றுவிடுகின்றது. ஊரிலேயே ஆட்டினாலும், பிண்ணாக்கில் எண்ணெயை விட்டுவிடும் ஆலையினால் வித்துக்கு நல்ல விலை கொடுக்க முடிவதில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். எண்ணெய் மிகுந்த பிண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீவனம்தானே, அது எவ்வாறு இழப்பாகும் என்று கேட்கப்படுகின்றது. பிண்ணாக்கின் பெறுமதி பெருமளவுக்கு அதன் புரதத்தில் தங்கியுள்ளது. எண்ணெய் குறையும்போது புரதத்தின் வீதம் கூடுகின்றது. பிண்ணாக்கு நீண்ட நாள் பழுதாகாமலும் இருக்கின்றது. அத்தோடு ஒரு கிலோகிராம் எண்ணெயின் விலையும் ஒரு கிலோகிராம் பிண்ணாக்கின் விலையும் சந்தையில் ஒன்றல்ல. எண்ணெயைப் பிண்ணாக்கு விலைக்கு விற்பது எந்த வியாபாரியும் விரும்பிச் செய்யக்கூடியதன்று. அளந்து பாராமையினாலேயே அது நிகழ்கின்றது.

ஆகவே புதிய இயந்திரங்களை வழங்கிப் படம் பிடித்துக்கொள்வதோடு நின்றுவிடும் உதவித் திட்டங்களை விட, இயங்கிக்கொண்டிருக்கும் ஆலைகளைத் திருத்தும் திட்டங்களே இன்று தேவைப்படுகின்றன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தமது பிரதேச ஆலைகளுக்குப் பொதுவான ஈரமானி ஒன்றையும் சல்லடை இயந்திரம் ஒன்றையும் வாங்கி வைக்கலாம். கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கின்றன. அவற்றின் மாணவர்கள் தமது ஆய்வுத் திட்டங்களுக்கு அருகிலுள்ள ஆலையொன்றைத் தெரிவுசெய்து, ஒரு பருவம் முழுவதும் எண்ணெயையும் பிண்ணாக்கையும் அளந்து கொடுப்பார்களாயின், அது பட்டத்துக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும். பிண்ணாக்கில் எஞ்சிய எண்ணெயையும் அஃப்ளாடொக்சினையும் குறைந்த கட்டணத்தில் பரிசோதித்துக் கொடுக்கும் வசதி மாகாண மட்டத்தில் ஏற்படுத்தப்பட வேண்டும். அப்பரிசோதனையில் தேறிய ஆலைகளின் எண்ணெயை மக்களும் நம்பிக்கையோடு வாங்குவார்கள்.

வானம் பொய்க்கும் ஆண்டுகளையும் உலகச் சந்தை தளம்பும் மாதங்களையும் எம்மால் தடுத்துவிட முடியாது. ஆயின் வியர்வை சிந்தி விளைவித்த எள்ளிலும் தேங்காயிலும் உள்ள எண்ணெய் எவ்வளவு எமது கைக்கு வருகின்றது என்பது பெருமளவுக்கு எமது கையிலேயே இருக்கின்றது. ஒரு சல்லடை, ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கொப்பி ஆகிய நான்கும் இருக்கும் ஆலை அத்திருத்தத்தை நாளையே தொடங்கலாம். வரும் சிறுபோக அறுவடைக்கு முன்னர் எமது ஆலை உரிமையாளர்களும் கூட்டுறவாளர்களும் இது குறித்துச் சிந்திப்பார்களாக.